தறியும் பூந்தொட்டியும்: லங்காஷயர் நெசவாளர்களின் ஞாயிற்றுக்கிழமைகள்

வரலாறு என்று நாம் படித்தவற்றுள் பெரும்பகுதி அலுவல் நாட்களின் வரலாறே. போர் தொடுத்த நாள், உடன்படிக்கை கையெழுத்தான நாள், வரி விதித்த நாள் என்று அது நீளும். ஓய்வுநாளில் இருவர் வேலியின் இருபுறமும் நின்றுகொண்டு, இந்த ஆண்டு மழை எப்படி, செடிக்கு என்ன உரம் வைத்தீர்கள், பிள்ளையின் காய்ச்சல் தணிந்ததா என்று பேசிக்கொண்டதை எந்த எழுத்தரும் ஏட்டில் ஏற்றுவதில்லை. அப்பேச்சு பேசிய இடத்திலேயே கரைந்துவிடுகிறது.

ஆயினும் அத்தகைய பேச்சு தன் தடயங்களை விட்டுச்சென்ற இடங்கள் சில உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மான்செஸ்டரைச் சூழ்ந்திருந்த லங்காஷயர் ஊர்களில் வாழ்ந்த கைத்தறி நெசவாளர்களின் பூ மன்றங்கள் அவற்றுள் ஒன்று. பிழைப்புக்காகத் துணி நெய்து, ஆசைக்காகப் பூ வளர்த்தவர்கள் அவர்கள். அவர்களுடைய வார இறுதிப் பேச்சிலிருந்து புதிய பூவகைகள் பிறந்தன; ஆண்டுதோறும் அச்சேறிய ஒரு பதிவேடு பிறந்தது; சார்லஸ் டார்வினின் நூலொன்றில் ஒரு பத்தியும் பிறந்தது. அந்தப் பேச்சு எதனால் சாத்தியமாயிற்று, எதனால் தேய்ந்தது என்பதையே இக்கட்டுரையில் நாம் காண முயல்கிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்று 'ஃப்ளோரிஸ்ட்' என்றால் பூக்கடைக்காரர் என்று பொருள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு பூவை, அதன் அழகுக்காகவே, குறைவற்ற வடிவம் வரும்வரை பேணி வளர்ப்பவரே அன்றைய ஃப்ளோரிஸ்ட். இவர்கள் கூடி உண்டு மகிழும் விருந்துகள் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நடந்தன. 1631ஆம் ஆண்டு மே மாதம் நார்விச் நகரில் நடந்த அத்தகைய விருந்தொன்றில், ரால்ஃப் நெவெட் எழுதிய 'ரோடன் அண்ட் ஐரிஸ்' என்ற நாடகம் அரங்கேறியது. நார்விச்சும் நெசவுக்குப் பேர்பெற்ற ஊர்தான் என்பதை இங்கே நினைவிற்கொள்ளலாம்.

ஃப்ளோரிஸ்டுகள் கண்ட பூக்களையெல்லாம் வளர்த்துவிடவில்லை. ஆரிகுலா, பாலியாந்தஸ், ஹயசிந்த், அனிமோன், ரனங்குலஸ், டுலிப், கார்னேஷன், பிங்க் ஆகிய எட்டுமே அவர்கள் மரபில் இடம்பெற்ற பூக்கள். ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் வகுத்திருந்தார்கள். இதழின் விளிம்பு எப்படி இருக்கவேண்டும், நிறம் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும், கோடு கலங்கலாமா கூடாதா என்பதற்கெல்லாம் விதிகள் இருந்தன. யாப்பிலக்கணம் கற்றவர் வெண்பாவில் தளை தட்டுவதைக் காதாலேயே கண்டுகொள்வதைப்போல, இவர்கள் இதழ் விளிம்பின் பிசகைக் கண்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

இந்த நுண்கலை செல்வர்களின் மாளிகைத் தோட்டங்களைவிடவும் கைவினைஞர்களின் கொல்லைகளில் செழித்தது என்பதே வியப்புக்குரியது. அதிலும் நெசவாளர்களுக்குத் தனி இடம் உண்டு. லங்காஷயர் நெசவாளர்களுக்கு ஆரிகுலாவும் டுலிப்பும். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நெசவாளர்களுக்குப் பிங்க். பெய்ஸ்லியில் பூ வளர்ப்போர் சங்கம் 1782இலேயே தோன்றிவிட்டது. வெள்ளை இதழைச் சுற்றி அடர்நிறத்தில் சரிகைக்கரைபோல் ஒரு கோடு ஓடும் பிங்க் வகைகளில் அவ்வூரார் தேர்ந்தவர்கள். மெல்லிய துணியில் நுண்ணிய உருக்கள் நெய்து பழகிய கண்ணும் கையுமே அந்தப் பூவிலும் வேலை செய்தன என்று அக்காலத்தவர் சொன்னார்கள். காஷ்மீரச் சால்வையைப் பார்த்துச் சால்வை நெய்த ஊரும் இதுவே. நம் பட்டுச்சேலைகளில் மாங்காய் என்று நாம் அழைக்கும் உருவுக்கு ஆங்கிலத்தில் 'பெய்ஸ்லி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவ்வூரின் பிங்க் வகைகளைப் பற்றி இங்கே அறிந்தோர் குறைவு.

நெசவாளர்களுக்கு ஏன் இந்த ஆசை வந்தது? ஐரோப்பாவிலிருந்து அகதிகளாக வந்த நெசவாளர்கள் ஆரிகுலாவைக் கையோடு கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை அழகானது; ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை. விடையை அந்தச் செடியின் இயல்பிலேயே தேடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆரிகுலா ஆல்ப்ஸ் மலையின் செடி. குளிர்ந்த, ஈரமான லங்காஷயர் மலையடிவாரம் அதற்கு ஒத்துப்போகும். போட்டிக்குரிய ஆரிகுலாவின் பூவில் மையக்குழாய், அதைச் சுற்றி வெண்மையான வளையம், அதற்கு வெளியே அடர்நிறம், கடைசியில் பச்சை அல்லது சாம்பல் அல்லது வெள்ளை விளிம்பு என வட்டங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். வெண்மையாகத் தோன்றுவது பூவின்மேல் படிந்திருக்கும் மாவு போன்ற பொடி. ஒரு தூறல் போதும், அப்பொடி கரைந்து வழிந்து ஓராண்டு உழைப்பு பாழாகிவிடும். ஆகவே மேகம் கறுத்த உடனே தொட்டிகளை மூட ஓர் ஆள் வேண்டும். வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்தவும் ஆள் வேண்டும்.

கைத்தறி நெசவாளர் வீட்டிலேயே நெய்தார். தறிக்கும் தோட்டத்துக்கும் இடையே ஒரு கதவுதான். மழை வரும்போல் தெரிந்தால் நாடாவை நிறுத்திவிட்டு வெளியே ஓடி, தொட்டியை மூடிவிட்டு, மீண்டும் வந்து தறியில் அமரலாம். நேரம் அவர் கையில் இருந்தது. வேலை மிகுந்த நாளில் இரவு வரை நெய்வார். திங்கட்கிழமையன்று தறியைத் தொடமாட்டார். கைவினைஞர்களின் இந்தத் திங்கட்கிழமை ஓய்வை 'செயின்ட் மண்டே' என்று, ஏதோ ஒரு புனிதரின் திருநாள்போல, கேலியாக அழைத்தார்கள். வரலாற்றாசிரியர் இ. பி. தாம்ஸன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், கடிகாரம் தொழிலாளியின் எஜமானன் ஆவதற்கு முன்பிருந்த இந்தக் கால ஒழுங்கை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆரிகுலா அந்தக் கால ஒழுங்கில் மட்டுமே வளரக்கூடிய செடி என்றால் அது மிகையாகாது.

போட்டிகள் ஊர் மதுவிடுதியில் நடந்தன. விடுதிக்காரருக்கு வியாபாரம், மன்றத்தாருக்கு இடம். உறுப்பினர்கள் சிறிது சிறிதாகச் சந்தா கட்டினார்கள். லங்காஷயரில் மரபான பரிசு ஒரு செப்புக் கெண்டி. போட்டிக்கு முன் அதை விடுதியின் வாசலில் தொங்கவிடுவார்கள். வழிப்போக்கர் அதைக் கண்டே இன்ன இடத்தில் போட்டி என்று அறிந்துகொள்வார்கள். பூக்கள் மேசையைச் சுற்றிக் கைமாறிக் கைமாறிப் போகும். உரக்கலவை பற்றிய பேச்சு நடக்கும். ஐசக் எமர்ட்டன் என்பவர் 1815இல் வெளியிட்ட ஆரிகுலா நூலில், காளையின் இரத்தத்தில் ஊறவைத்த வாத்து எச்சமும், சர்க்கரை காய்ச்சுமிடத்துக் கழிவும் கலந்த உரம் ஒன்றைப் பரிந்துரைக்கிறார். அச்சில் வந்ததே இப்படியென்றால், அச்சேறாமல் காதோடு காதாகச் சொல்லப்பட்ட கலவைகள் எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பூ வளர்த்த இந்த உலகத்தோடு ஒட்டியதாகத் தாவரவியல் மன்றங்களும் இருந்தன. அவை கூடிய நாள் ஞாயிற்றுக்கிழமை. கூடிய இடம் அதே மதுவிடுதி. ஆன் சிகார்ட் என்ற வரலாற்றாசிரியர் 1994இல் எழுதிய கட்டுரைக்கு 'மதுவிடுதியில் அறிவியல்' என்றே தலைப்பிட்டார். இம்மன்றங்களில் முதன்மையானவர்களுள் ஒருவர் ஜான் ஹார்ஸ்ஃபீல்ட் (1792–1854). பிரெஸ்ட்விச் தாவரவியல் மன்றத்தின் தலைவராக இருந்த இவர் வாழ்நாள் முழுதும் கைத்தறி நெசவாளர். லின்னேயஸ் வகுத்த 24 தாவர வகுப்புகளை ஒரு தாளில் எழுதித் தறித்தூணில் ஒட்டிவைத்து, நெய்துகொண்டே மனப்பாடம் செய்தார்.

அவர் தம் மன்றத்தின் நடைமுறையை விவரித்து எழுதியிருக்கிறார். உறுப்பினர்கள் கொண்டுவந்த செடிகளையெல்லாம் மேசைமேல் குவிப்பார்கள். தலைவர் ஒன்றை எடுத்து, அதன் இலத்தீன் பெயரைச் சொல்லி இடப்பக்கம் இருப்பவரிடம் கொடுப்பார். அவர் அடுத்தவரிடம் கொடுப்பார். இப்படியே ஒவ்வொரு செடியும் அறையைச் சுற்றிவரும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்தச் சுற்றில் அமர்ந்தால் செடியைக் கண்ணாலும் பெயரைக் காதாலும் கற்றுக்கொள்ளலாம். சந்தாப் பணத்தின் ஒரு பகுதி மதுவுக்கு, ஒரு பகுதி புத்தகத்துக்கு. தனியாளாக வாங்க முடியாத விலையுள்ள தாவரவியல் நூல்கள் இப்படித்தான் அவர்கள் கைக்கு வந்தன. திண்ணைப் பள்ளியில் முறை வைத்துச் சொல்லிக் கற்ற நம் முன்னோருக்கு இந்த வழி அந்நியமாகத் தோன்றியிராது. எலிசபெத் காஸ்கெல் 1848இல் வெளியிட்ட 'மேரி பார்ட்டன்' நாவலில், தறியோசையின் நடுவே கணிதமும் தாவரவியலும் பயின்ற இத்தகைய மான்செஸ்டர் தொழிலாளர்களைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அது நாவலாசிரியரின் கற்பனை என்று எண்ணுவோருக்கு ஹார்ஸ்ஃபீல்டின் தறித்தூணே மறுமொழி.

ஹார்ஸ்ஃபீல்ட் வளர்த்தெடுத்த டாஃபடில் மலர் ஒன்று உண்டு. வெள்ளை இதழ்களும் மஞ்சள் குழலும் கொண்ட அது அவர் பெயராலேயே 'ஹார்ஸ்ஃபீல்டியை' என வழங்கி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலாகப் பயிரிடப்பட்டது. துணி நெய்து அவர் பெற்ற கூலி என்றோ செலவாகிவிட்டது. பெயர் நின்றது பூவினால்.

இனி அந்தப் பதிவேட்டுக்கு வருவோம். அது பூவைப் பற்றியதன்று. கூஸ்பெர்ரி என்னும் முட்புதர்ச் செடியின் பழத்தைப் பற்றியது. நம் நெல்லிக்காயை ஆங்கிலத்தில் இந்தியன் கூஸ்பெர்ரி என்பார்கள். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. லங்காஷயர், செஷயர் பகுதித் தொழிலாளர்கள் யாருடைய பழம் எடை மிகுந்தது என்று போட்டியிட்டார்கள். முடிவுகள் ஆண்டுதோறும் 'கூஸ்பெர்ரி குரோவர்ஸ் ரெஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் அச்சாயின. பயிரினங்களின் மாறுபாடுகளைப் பற்றி 1868இல் டார்வின் வெளியிட்ட நூல் இந்தப் பதிவேட்டை விரிவாகப் பயன்படுத்துகிறது. கிடைத்தவற்றுள் மிகப் பழைய படி 1786ஆம் ஆண்டுக்குரியது என்றும், 1845ஆம் ஆண்டுப் பதிவேட்டில் மட்டும் 171 போட்டிகள் பதிவாகியுள்ளன என்றும் அவர் குறிக்கிறார்.

அவர் தொகுத்துத் தரும் எடைகளை இன்றைய அளவுக்கு மாற்றிப் பார்ப்போம். காட்டில் விளையும் பழம் ஏறத்தாழ 8 கிராம். 1786ஐ ஒட்டிய ஆண்டுகளில் போட்டிக்கு வந்தது சுமார் 16 கிராம். 1817இல் 42 கிராம் அளவுக்கு உயர்ந்தது. 1825இல் 49 கிராம். 1852இல் 'லண்டன்' என்ற வகைப் பழம் 58 கிராமைத் தொட்டது. காட்டுப் பழத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். ஒரு சிறிய ஆப்பிளை நிறுத்துப் பார்த்ததாகவும் அது சரியாக இதே எடை இருந்ததாகவும் டார்வின் சொல்கிறார். பரிசுத் தொகை 5 அல்லது 10 பவுன் வரை.

உயிரினங்கள் மாறக்கூடியவை என்று நிறுவ முனைந்தவருக்கு, ஆண்டு ஆண்டாக, கிரெயின் கணக்கில் நிறுக்கப்பட்ட இந்தத் தொடர் எவ்வளவு அரிய சான்று! எந்தப் பல்கலைக்கழகமும் அதை அவருக்குத் தரவில்லை. தம் புறா வளர்ப்பு ஆராய்ச்சிக்காக லண்டனில் இரண்டு புறா மன்றங்களில் சேர்ந்தவர் அவர். ஆசைக்காக வளர்ப்பவர்களின் அவதானிப்பு எத்தகையது என்பதை அறிந்திருந்தார்.

இவற்றின் பெயர்களையும் சற்றுக் கேட்கவேண்டும். 'ரோரிங் லயன்' (கர்ச்சிக்கும் சிங்கம்), 'டீஸர்' (சீண்டுபவன்), 'வொண்டர்ஃபுல்' (அதிசயம்) என்பன கூஸ்பெர்ரி வகைகள். மிடில்டன் ஊரில் இராபர்ட் லங்காஷயர் உருவாக்கிய ஆரிகுலாவின் பெயர் 'லங்காஷயர் ஹீரோ'. மதுவிடுதி மேசையில் எழுந்த சிரிப்பும் பெருமையும் சவாலும் இப்பெயர்களில் உறைந்திருக்கின்றன. கரைந்துபோன அந்தப் பேச்சில் நமக்கு எஞ்சிய சொற்கள் இவையே எனலாம்.

இதையெல்லாம் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஆண்கள். தறி நிற்காமல் ஓடத் தார் சுற்றிக்கொடுத்த மனைவியும் பிள்ளைகளும் அந்தப் பதிவேடுகளில் இல்லை. மழை வந்தபோது தொட்டியை மூடிய கை பலமுறை அவர்களுடையதாகவே இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் மதுவிடுதியில் கூடுவதைச் சமயப்பற்றாளர்கள் கண்டித்தார்கள். அக்கண்டனத்தில் குடும்பங்களின் குரலும் சிறிது கலந்திருக்கலாம். இருந்தும், நாளெல்லாம் உழைத்த எளியவர்கள் தம் விருப்பப்படி அழகையும் அறிவையும் தேடிய இடம் அது என்பதை மறுக்க இயலாது.

விசைத்தறி வந்தது. வரலாற்றாசிரியர்களின் மதிப்பீட்டின்படி, 1820களில் பிரிட்டனில் சுமார் 2,40,000 பேர் பருத்திக் கைத்தறியில் வேலை செய்தனர். 1850இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 43,000. கூலி வீழ்ந்தது, முன்பு நான்கு நாளில் ஈட்டியதை ஏழு நாள் உழைத்தும் ஈட்ட முடியவில்லை என்ற நிலை வந்தது. நம் நாட்டுக் கைத்தறியாளர்களின் வாழ்வைக் குலைத்தது லங்காஷயர் துணி என்று படித்திருக்கிறோம். அந்தத் துணி லங்காஷயரின் சொந்தக் கைத்தறியாளர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் சித்திரம் முழுமை பெறுகிறது.

ஆலைக்குப் போனவருக்குக் கூலி கிடைத்தது; நேரம் கிடைக்கவில்லை. ஆலை மணி அடித்த பிறகு மேகம் கறுத்தால் என்ன, வெயில் எரித்தால் என்ன? வெளியே ஓடிவரக் கதவு இல்லை. நகரம் பெருகப் பெருகத் தோட்டங்கள்மேல் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் எழுந்தன. புகைபோக்கிகளின் கரி, ஆரிகுலாவின் வெண்பொடிமேல் படிந்தது. 1850ஆம் ஆண்டு ஆலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் இளம் பருவத்தினரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யக்கூடாது என்றது. நாம் இன்று 'வார இறுதி' என்கிறோமே, அது உருவான வழியில் இது ஒரு முக்கியமான படி. தாமே எடுத்துக்கொண்ட திங்கட்கிழமையை இழந்தவர்கள், சட்டம் அளந்து கொடுத்த சனிக்கிழமைப் பிற்பகலைப் பெற்றார்கள்.

நிலத்திலும் இதுவே நிகழ்ந்தது. பொது நிலங்கள் வேலியிடப்பட்ட பின், தோட்டமற்ற உழைப்பாளிகளுக்குச் சிறு துண்டு நிலங்களை வாடகைக்கு விடும் ஏற்பாடு மெல்ல வளர்ந்தது. 'அலாட்மென்ட்' எனப்படும் இத்துண்டுகளை, தேவை உள்ள இடங்களில் ஒதுக்கித் தரும் கடமையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளின்மேல் சுமத்தியது. வழக்கமான அளவு சுமார் 250 சதுர மீட்டர். ஆனால் ஆசை, சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. டெர்பி நகரின் ரயில் எஞ்சின் ஓட்டுநரான டாம் ஸ்டோரர், ரயில் பாதையோரச் சரிவுகளிலேயே டுலிப் வளர்த்துப் பெயர்பெற்ற வகைகளை உருவாக்கினார்.

மன்றங்களில் பெரும்பாலானவை மறைந்தன. சில நின்றன. 1836இல் தோன்றிய வேக்ஃபீல்ட் டுலிப் சங்கம் இன்றும் இயங்குகிறது. அதன் காட்சியில் பூக்களைப் பழுப்புநிறப் பீர் பாட்டில்களில் நிறுத்தும் வழக்கம் மதுவிடுதிக் காலத்தின் எச்சம். இதழில் தீச்சுடர்போல் பிரியும் கோடுகள் எப்படி வருகின்றன என்று டுலிப் வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாக விவாதித்திருந்தார்கள். அது ஒரு வைரஸ் நோயின் விளைவு என்பதை டாரதி கேலி என்ற ஆய்வாளர் 1928இல் விளக்கினார். யார்க்ஷயரின் எக்டன் பிரிட்ஜ் சிற்றூரில் 1800இல் தொடங்கிய கூஸ்பெர்ரிப் போட்டி இன்றும் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. 2019இல் அங்கே நிறுக்கப்பட்ட ஒரு பழம் 64.83 கிராம் இருந்து உலக சாதனையானது. டார்வின் வியந்த 1852ஆம் ஆண்டுப் பழத்தைவிட 7 கிராம் கூடுதல். 66 ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு அருகே பெருகிய பழம், அதன்பின் 167 ஆண்டுகளில் இவ்வளவே வளர்ந்திருக்கிறது. இயற்கையின் எல்லை ஒரு காரணமாக இருக்கலாம். 171 ஊர்களில் கூடிப் பேசியவர்கள் கலைந்துபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

தோட்டக்காரர்களின் ஓய்வுநாள் அரட்டை வீண்பொழுது என்று சொல்லப்படும் போதெல்லாம் நாம் ஹார்ஸ்ஃபீல்டின் மேசையை நினைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு செடி கை மாறியபோது அதன் பெயர் மாறியது, அதை வளர்க்கும் வழி மாறியது, வளர்த்தவரின் வீட்டுச் செய்தியும் உடன் மாறியிருக்கும். அதற்குத் தேவைப்பட்டவை மிகச் சில: ஒரு துண்டு நிலம், ஒரு மேசை, யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டாத ஒரு நாள். மூன்றில் அரிதாகிப்போனது அந்த நாள்தான்.